ரிப்போர்ட் நார்மல், வயிறு மட்டும் சரியில்லை

வருடக்கணக்கில் வயிற்றுத் தொல்லையோடு அலைந்துவிட்டு வருகிறவர்கள், உட்கார்ந்ததும் முதலில் ஃபைலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இதை அப்புறம் பார்க்கிறேன். முதல்ல நீங்க சொல்லுங்க" என்பேன்.

அப்படித்தான் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) ஆறு வருடமாக வயிறு உப்புசம், அடிக்கடி பேதி, எந்நேரமும் அசதி. நான்கு முறை ஸ்கேன், இரண்டு முறை எண்டோஸ்கோபி எடுத்தாகிவிட்டது. "எல்லாம் நார்மல்னுதான் டாக்டர் வருது. வீட்டுல இப்போ யாரும் நம்பறதே இல்லை. நானா கற்பனை பண்ணிக்கிறேனோன்னு எனக்கே சில சமயம் சந்தேகமா இருக்கு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இருபது வருடத்துக்கு மேலாக இரைப்பை, குடல் நோய்களைப் பார்த்து வருகிறேன். ‘நார்மல்’ என்ற இந்த ஒரு சொல் எத்தனை பேரை இப்படித் தன்னையே சந்தேகப்பட வைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த டெஸ்ட்டும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரியும். கல்லீரல், சிறுநீரகம், சினைப்பை ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் தெரியும். குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய அழற்சியைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது. எண்டோஸ்கோபி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை போகும். கொலனோஸ்கோபி பெருங்குடல் முழுவதையும் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரையும் பார்க்கும். நடுவில் மீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் சிறுகுடல் இரண்டுக்கும் எட்டாது. குடல் எப்படி அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூசுகின்றன என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. ஆகவே ‘நார்மல்’ என்று வந்தால், எந்தக் கேள்விக்கு நார்மல் என்று கேட்க வேண்டும். டாக்டரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்தப் பெண் சொல்லி முடித்த பிறகுதான் ஃபைலைத் திறந்தேன். ஆறு வருடத்தில் ஐந்து இரத்தப் பரிசோதனைகள். ஐந்திலும் ஹீமோகுளோபின் குறைவு. ஒவ்வொரு முறையும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். வயிற்றுக்கு ஒரு டாக்டர், இரத்தசோகைக்கு வேறொரு டாக்டர். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரும்புச்சத்து உடலில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான். அங்கே உட்சுவர் கெட்டிருந்தால் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் சரியாகச் சேராது. உப்புசம், பேதி, மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் நினைக்க வேண்டியவற்றில் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கிளம்பி, சிறுகுடலின் உறிஞ்சிகளை, அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய மடிப்புகளை, அழிக்கிற நோய் அது.

இரண்டு எண்டோஸ்கோபியிலும் இரைப்பையைப் பார்த்திருந்தார்கள். சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கவில்லை. சீலியாக் நோயில் சிறுகுடல் வெறும் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். பயாப்ஸி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறிஞ்சிகள் தேய்ந்திருப்பது புரியும்.

இங்கே ஒரு சிக்கல். எட்டு மாதத்துக்கு முன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் கோதுமையை நிறுத்தியிருந்தார். வயிறு பாதி பரவாயில்லை. அதற்குப் பிறகு சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனையும் செய்து, அதுவும் ‘இல்லை’ என்று வந்திருந்தது. அந்த முடிவை நம்பவே முடியாது. அந்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. சாப்பிடுவதை நிறுத்தினால் அது மெல்ல மறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் அப்படியே இருக்க, தடயம் மட்டும் அழிந்துவிடுகிறது. மறுபடியும் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். பாதி தேறியிருந்த வயிற்றைத் திரும்பக் கெடுத்துக்கொள்ளச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் பொறுத்துக்கொண்டு செய்தார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், பரிசோதனைக்கு முன்பே தடயத்தை அழித்துவிடுவது அன்றாடம் நடக்கிறது. இன்னொரு உதாரணம் எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமி. அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியை மூச்சுப் பரிசோதனையிலும் மலப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரத்துக்கு முன்பும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். "டெஸ்ட்டுக்கு முன்னாடி எதையாவது நிறுத்தணுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா பல மாதமாகத் தண்ணீராகப் பேதி போகிறது என்று வந்தார். கொலனோஸ்கோபி செய்தேன். குடல் பார்க்க அழகாக இருந்தது. "ஒண்ணும் இல்லைம்மா, குடல் கொஞ்சம் சென்ஸிடிவா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு வருடம் கழித்து, வெளியே எங்கும் போக முடியாமல் முடங்கிய நிலையில் திரும்பி வந்தார். இந்த முறை பயாப்ஸி எடுத்தேன். மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ். பெயரே சொல்கிறது, மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும் அழற்சி. வயதானவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் வருவது. மூட்டு வலிக்கு அவர் தினமும் சாப்பிட்ட வலி மாத்திரையும் அதைத் தூண்டக்கூடியதுதான். அதை நிறுத்தி, அழற்சியைக் குறைக்கும் புடெசொனைட் என்ற மருந்தைக் கொடுத்ததும் சில வாரங்களில் பேதி நின்றது. அந்த ஒரு வருடத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியாது. அன்றிலிருந்து, நாள்பட்ட தண்ணீர்ப் பேதி என்றால் குடல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பயாப்ஸி எடுக்காமல் வெளியே வருவதில்லை.

இந்த இரண்டு பேரிடமும் நோயைக் காட்டிக்கொடுத்தது அவர்கள் சொன்ன விவரம். அதனால் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். "கேஸ் ட்ரபிள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெஞ்செரிச்சல், ஏப்பம், உப்புசம், வலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியுமா? சாப்பிட்ட உடனேயா, இரண்டு மணி நேரம் கழித்தா? மலம் கழித்தால் குறைகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் கடும் வயிற்றுப்போக்கோ, அறுவை சிகிச்சையோ, புது மாத்திரையோ உண்டா? பித்தப்பையை எடுத்த பிறகு தொடங்கும் பேதிக்குப் பித்த அமிலம் காரணமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பேதியைத் தரும். இரும்பு மாத்திரை மலச்சிக்கலைத் தரும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கத்தில் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகூட வயிற்றை ஊத வைக்கும். தைராய்டு குறைந்தால் மலச்சிக்கல், கூடினால் அடிக்கடி மலம்.

மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஏழு வகைப் படம் இருக்கிறது. முதல் இரண்டு வகை கட்டி கட்டியாக, மலச்சிக்கல். கடைசி இரண்டும் குழைந்தோ தண்ணீராகவோ போவது. "சரியா போகலை" என்பதைவிட "ஒண்ணாம் நம்பர்" என்றால் எனக்கு உடனே புரியும். இரண்டு வாரம் ஒரு தாளில் நேரம், சாப்பாடு, வலி, மல வகை என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

அதேபோல, வயிற்றைக் கை வைத்துப் பார்க்காத டாக்டரிடம் "ஒருதடவை தொட்டுப் பாருங்க" என்று கேட்கலாம். வருடக்கணக்கில் ஒரே புள்ளியில் வலி என்று வருகிறவர்களைப் படுக்க வைத்து, வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தியபடி தலையைத் தூக்கச் சொல்வேன். தசை இறுகும்போது வலி கூடினால், அது உள்ளே குடலில் இல்லை, வயிற்றுச் சுவரில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஒரு நரம்பு மாட்டிக்கொண்டிருக்கலாம். மரத்துப்போகும் ஊசி ஒன்றே பலருக்கு வலியை அடக்கிவிடுகிறது. இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. முயற்சி செய்யாமலே எடை குறைவது, மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு மலம், இரவில் எழுப்பும் பேதி, விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, இரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய். நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக மலப் பழக்கம் மாறினாலும் அப்படித்தான். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக, விடாமல் உப்புசம் வந்தால் சினைப்பையையும் பார்த்துவிட வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் பல சமயம் வயிற்றுத் தொல்லையின் வேடத்தில்தான் வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "கொஞ்ச நாள் பார்ப்போம்" வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, தேவையான பரிசோதனைகளும் சரி என்றால்? அப்போது ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடல் அளவுக்கு மீறிக் கூசும் நோய்) என்று சொல்வோம். இதை ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கு மாற்றுப் பெயராகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், சில டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்புதல் இல்லை. ஐபிஎஸ் ஒரு நோய், அதற்கு வரையறை உண்டு. இதற்காகச் சர்வதேச நிபுணர்கள் வகுத்து 2016-இல் வந்த ரோம் நெறிமுறைப்படி, கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி. அதோடு மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, மலம் போகும் எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. கடும் வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகும் சிலருக்கு அந்த நரம்புகளின் கூச்சம் அடங்குவதில்லை. சாதாரணக் காற்றும் அசைவும் வலியாகிவிடும். வலி நிஜம். அழற்சி இருக்கிறதா என்று பிரித்தறிய மலத்தில் கால்புரோடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) பரிசோதனை பெரிய உதவி. எண் குறைவாக வந்தால் இளவயதில் பலருக்கு கொலனோஸ்கோபியே தேவைப்படாது. நூறு உணவுகளுக்கு ‘ஒவ்வாமை’ பார்க்கிறோம் என்று விற்கும் ஐஜிஜி (ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) இரத்தப் பரிசோதனைகளுக்கு மட்டும் பணம் செலவழிக்காதீர்கள். அது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். அதை நம்பி ஒவ்வொன்றாக நிறுத்தி, எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வாரம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் பல மடங்கு இருந்தது. சிறுகுடல் பயாப்ஸியும் சீலியாக்கை உறுதி செய்தது. முடிவைச் சொன்னபோது, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் கூடாது என்பதைவிட, "அப்போ நான் கற்பனை பண்ணலை" என்பதுதான் அவர் காதில் விழுந்தது. இரண்டு முறை சொன்னார் அதை. இப்போது ஒரு வருடம் ஆகிறது. ஹீமோகுளோபின் ஏறி, ஏறிய இடத்தில் நிற்கிறது. பால் குடித்தால் இன்னும் கொஞ்சம் உப்புசம் இருக்கிறது. உறிஞ்சிகள் வளர வளர அதுவும் குறையும் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளுக்கு இந்த நோய் இருக்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தங்கைக்கு வயிற்றில் தொல்லை எதுவும் கிடையாது, சின்ன வயதிலிருந்தே சோகை மட்டும்தான். இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும் வரை கோதுமையை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்.