பைக்கா தோண்டும் வளையில் நிகழ்வது என்ன?

திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கும் மேலே விரியும் புல்வெளிகளில், வால் வெளியே தெரியாத, கைக்குள் அடங்கும் ஒரு விலங்கு குடும்பம் குடும்பமாக வளை தோண்டி வாழ்கிறது. பைக்கா என்ற அந்த விலங்கைப் பார்ப்பவர்கள் எலி என்றே நினைப்பார்கள். உண்மையில் அது முயலின் உறவினம். கடுங்குளிரிலும் அது நெடுந்துயில் கொள்வதில்லை.

அந்த மண்ணின் மேலடுக்கு விசித்திரமானது. கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொப்ரேசியா என்னும் குட்டைச் செடியின் வேர்கள் பாய் முடைந்ததுபோல் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகவே இயங்குவதால், மடிந்த வேர்கள் எளிதில் மட்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. கார்பனும் நைட்ரஜனும் அங்கே ஏராளமாக இருந்தும், செடிகள் உடனே உறிஞ்சத்தக்க வடிவில் இருப்பது சொற்பமே.

பைக்கா இந்தப் பாயைக் கிழிக்கிறது. வளையின் வாயருகே அறுபட்ட வேர்நுனிகள் நீட்டிக்கொண்டிருக்க, அடிமண் பொலபொலவென்று குவிந்திருக்கும். அதன்மேல் மிளகைப் போன்ற புழுக்கைகள் சிதறியிருக்கும். நிழல் தரும் செடி இல்லாததால் அந்தத் திட்டில் பகல் வெயில் நேரே விழுந்து மண்ணைச் சூடாக்குகிறது. தளர்ந்த மண்ணுக்குள் காற்றும் புகுகிறது. வெப்பம், ஆக்சிஜன், புழுக்கையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது, அதுவரை மந்தமாக இருந்த பாக்டீரியாக்கள் வேகம் பெறுகின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியம் என்ற நைட்ரஜன் வடிவத்தை நைட்ரேட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றுகிறது. செடிக்கு அது நல்ல உணவு. ஆனால் நைட்ரேட்டை மண்துகள்கள் பிடித்துவைப்பதில்லை என்பதால், உறிஞ்ச வேர் இல்லாத வெற்றுத் திட்டில் அது மழைநீரோடு கரைந்து போய்விடக்கூடும். மட்குதல் விரைவுபடும்போது கரியமில வாயுவும் கூடுதலாக வெளியேறுகிறது. உயிருள்ள வேரையே நம்பி வாழும் வேர்ப்பூஞ்சைகளுக்கோ, வேர் மடிந்த இடத்தில் பிழைப்பில்லை.

ஆகவே ஒரு வளையை மட்டும் பார்த்து லாபமா நட்டமா என்று கணக்கிடுவது சரியாகாது என்பது என் கருத்து. கைவிடப்பட்ட மேட்டில் புதிய செடிகள் வேரூன்ற, அவற்றோடு வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் குடியேறுகிறது; இப்படிப் புதிய திட்டும் பழைய திட்டும் கலந்து கிடப்பதே அந்த நிலத்தின் வளம். பைக்காக்கள் அளவுமீறிப் பெருகினால் வெற்றுத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மண்ணில் சேர்ந்திருக்கும் கார்பன், நைட்ரஜன் சேமிப்பு கரையும். ஆனால் அவை பெருகுவது பெரும்பாலும் யாக்குகளும் ஆடுகளும் ஒட்ட மேய்ந்த இடங்களில்தான்: புல் குட்டையாக இருந்தால்தான் வரும் பகையைத் தொலைவிலேயே காண முடியும்.

இதை உணராமல், மேய்ச்சலைக் கெடுக்கும் உயிரி என்று சொல்லிப் பல பத்தாண்டுகளாகப் பரந்த நிலப்பரப்பில் அவற்றுக்கு நஞ்சு வைத்தது வேதனைக்குரியது. ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஸ்மித், மார்க் ஃபாகின் ஆகியோர் 1999-இலேயே பைக்காவை அந்தப் பீடபூமியின் ஆதார உயிரினம், அதாவது மற்றப் பல உயிர்களின் வாழ்வு சார்ந்திருக்கும் உயிரினம், என்று வாதிட்டார்கள். பைக்கா வாழும் இடங்களில் மழைநீர் மண்ணுக்குள் விரைவாக இறங்குவதைப் பின்னர் வந்த அளவீடுகளும் காட்டின. நஞ்சிட்ட இடத்தில் தோண்டுவார் இல்லாமல் வளைகள் தூர்ந்துபோகின்றன; உள்ளே இறங்கி நுண்ணுயிர்களை எட்டியிருக்க வேண்டிய நீர், மேற்பரப்பிலேயே வழிந்தோடுகிறது.