புற்றுசெல் அனுப்பும் பார்சல்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் மாங்காயை வைக்கோலில் மூடும்போது, கனிந்த பழம் ஒன்றையும் நடுவில் வைப்போம். அதிலிருந்து கிளம்பும் எத்திலீன் வாயு பட்டதும் பக்கத்துக் காய்கள் பழுக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் வைக்கோலை விலக்கினால் வாசனையே சொல்லிவிடும்.

நம் செல்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன. நுரையீரல் செல்லின் மேல் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. அதை அழைப்பு மணியின் பொத்தான் எனலாம். வளர்ச்சிக்கான சேதி வந்து அழுத்தினால்தான் செல் பெருகும். சிலருக்கு மரபணு மாற்றத்தால் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொள்கிறது. யாரும் வராமலே மணி அடிக்கிறது, செல் பெருகிக்கொண்டே போய்ப் புற்றுநோய்க் கட்டியாகிறது. இந்த மாற்றம் புகையே பிடிக்காதவர்களிடமும் காணப்படுகிறது. ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் இந்த மணியைத்தான் நிறுத்தப் பார்க்கின்றன.

சரி, பக்கத்தில் இருப்பவனுக்கு வாயு போதும். தூரத்துக்கு? மண்டியிலிருந்து பெங்களூருக்கு மாம்பழம் போவதுபோல, பெட்டியும் வேண்டும், விலாசமும் வேண்டும். செல்களிடம் அதுவும் இருக்கிறது: எக்சோசோம் எனும் நுண்பைகள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. 1983-இல் இளம் சிவப்பணுக்களில் இவற்றைப் பார்த்தவர்கள், செல் வெளியே கொட்டும் குப்பை என்றே நினைத்தார்கள். 2007-இல் ஸ்வீடனில் எலிச் செல்லின் பைகளை மனிதச் செல்லுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதச் செல் எலியின் புரதத்தைத் தயாரித்தது! பைக்குள் இருந்த ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்கான குறிப்புச் சீட்டு, செய்த வேலை அது. எனக்கு இன்றும் வியப்பு அடங்காத சோதனை இது.

நுரையீரல் கட்டி வளர வளர, அதன் நடுவில் ஆக்சிஜன் குறைகிறது. அப்போது அங்குள்ள செல்கள் அனுப்பும் பைகள் ரத்தக்குழாய்ச் செல்களைப் போய்ச் சேர்கின்றன. புதுக் குழாய்கள் முளைக்கின்றன, குழாய்ச் சுவரின் இறுக்கமும் தளர்கிறது. கட்டிக்கு உணவும் கிடைக்கிறது, வெளியேற வழியும் கிடைக்கிறது. வேறு சில பைகள் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கின்றன.

அப்புறம் விலாசம். பையின் மேல் ஒட்டியிருக்கும் இன்டெக்ரின் புரதத்தைப் பொறுத்து அது எந்த உறுப்பில் இறங்கும் என்பது மாறுகிறது என்று 2015-இல் காட்டினார்கள். புற்றுசெல் போய்ச் சேரும் முன்பே, பைகள் அங்கே இடத்தைப் பதப்படுத்தி வைக்கின்றன.

இந்தப் பைகள் ரத்தத்தில் மிதப்பதால், நுரையீரலில் ஊசி குத்தாமல் கையில் எடுத்த ரத்தத்திலேயே கட்டியின் சேதியைப் படிக்க முயற்சி நடக்கிறது. நல்ல செல்களும் இதே பைகளை அனுப்புவதால், கோடிக்கணக்கானவற்றில் புற்றுசெல்லின் பையைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.