பாய்லர் கொதிக்கும்போது வீடு குளிர்ந்தால் விறகு போடாதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோ கிராமப்புறங்களில் விறகு பாய்லர் உள்ள வீடுகளுக்குப் பழுது பார்க்கப் போகிறவன் நான். விறகுத் தீயில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும்; பம்ப் அதை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். கடுங்குளிரில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "மாடி ரேடியேட்டர் சில்லென்று இருக்கிறது, விறகு போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்." எனக்குப் பயம் தருவது அந்தப் பின்பாதிதான்.

விறகைத் தொடுவதற்கு முன் பாய்லரின் வெப்பமானியைப் பாருங்கள். 90 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால், சூடான தண்ணீர் பாய்லரை விட்டுக் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். கேஸ் பாய்லரை அணைத்தால் தீ உடனே நின்றுவிடும். பற்றிக்கொண்ட விறகோ மணிக்கணக்கில் எரியும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். அதனால் தீக்குக் காற்று போகும் கதவை மூடுங்கள், விறகுக் கதவைத் திறக்காதீர்கள். அளவு மீறிச் சூடான பாய்லருக்குள் பச்சைத் தண்ணீர் விடவே கூடாது. சட்டென்று ஆவி கிளம்பும், வார்ப்பிரும்பு வெடிப்பு விடும்.

சூடு தணிந்த பிறகு காரணத்தைத் தேடலாம். பெரும்பாலும் பைப்பின் உச்சியில் காற்று அடைத்திருக்கும். மாடி ரேடியேட்டரின் காற்றுத் திருகை மெல்லத் திறந்தால் முதலில் உஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் தண்ணீர் வரும். காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் பிரஷர் குறைவு. இரண்டு மாடி வீட்டுக்குக் குளிர்ந்த நிலையில் 12 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) வேண்டும். அது தண்ணீரை எட்டு மீட்டருக்குச் சற்று மேல் வரை ஏற்றி நிறுத்தும். பிரஷர் அடிக்கடி இறங்கினால், எங்கோ கசிகிறது அல்லது சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி கெட்டுவிட்டது. தண்ணீரை நிரப்பிக்கொண்டே போவது தீர்வாகாது. புதுத் தண்ணீர் புதுக் காற்றையும் கொண்டுவரும், உள்ளே துருவும் சேரும். அந்தத் துருதான் வடிகட்டியில் சேறாகப் படிந்து ஓட்டத்தை மறிக்கிறது. பம்ப் ஓடும்போது சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் அதற்குள் காற்று இருக்கிறது. பம்ப் சூடாகியும் அதிர்வே இல்லாவிட்டால் அதற்குள் சுழலும் பாகம் இறுகியிருக்கலாம்.

மின்வெட்டுதான் பெரிய ஆபத்து. பம்ப் நிற்கும், தீ நிற்காது. 1998 ஜனவரி பனிப்புயலில் கிழக்கு ஒன்டாரியோவில் சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்காகத்தான் பாய்லருக்கு மேலே, பம்ப் இல்லாமலே தண்ணீர் சுற்றிவரும் ஒரு தனிக் குழாய்ச் சுற்று வைக்கிறோம். மின்சாரம் போனதும் அதன் வால்வு தானாகத் திறக்கும். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலேறும், ஆறியது கீழிறங்கும். வீட்டுப் பம்ப் பலவும் 100 வாட்டுக்குள் ஓடுபவை என்பதால் ஒரு பேட்டரி இன்வெர்ட்டரும் சில மணி நேரம் தாங்கும். குளிர்காலத்துக்கு முன்பே ஒரு முறை, சிறு தீ மூட்டி, பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, அந்தச் சுற்று சூடாகிறதா என்று பாருங்கள்.

சொட்டுகிறது என்று, பிரஷர் மீறினால் அதை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வின் வாயில் மூடி போட்டுவிடுகிறவர்களும் உண்டு. மூடிய அமைப்பில் அது வழக்கமாக 30 பிஎஸ்ஐயில் திறந்தாக வேண்டும். அது அடைக்கப்பட்ட வீட்டில், புது வால்வு மாட்டும் வரை தீ மூட்ட நான் சம்மதிப்பதில்லை.