வீட்டுக்குப் பின்னால் சோலார் பண்ணை வருகிறதா? உயிர்வேலி கேட்கும் உரிமையும் அதற்கான நேரமும்

கெடாவின் பீடோங், புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள் சில இப்போது தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, ஆகிவிட்டன. சிலவற்றில் சோலார் தகடுகள் ஏறுகின்றன. புக்கிட் செலம்பாவில் தெனாகா நேஷனல் குழுமத்தின் 30 மெகாவாட் பண்ணை 2020 முதல் மின்சாரம் தருகிறது. ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் மூன்று முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு நடுத்தரப் பண்ணையே ஒரு சின்ன தோட்டத்தின் அளவுக்கு வந்துவிடும். பண்ணை ஒருமுறை வந்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்கும்.

சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பின்வாசலைத் திறந்தால் கம்பி வேலியும் இரும்புத் தூணும் தகடுமாகத் தெரியும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: எல்லை ஓரமாகச் செடி நட்டு அதை மறைக்கும் உயிர்வேலி. அந்த நியாயத்தைக் கேட்க சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும் காலம் மிகவும் குறைவு, அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். எல்லாரும் ‘சட்டம் 172’ என்றே சொல்வார்கள். கோலாலம்பூருக்கும் சபா, சரவாக்கிற்கும் வேறு சட்டங்கள் உள்ளன. சட்டம் 172இன்படி திட்டமிடல் அனுமதி இல்லாமல் எந்த மேம்பாட்டையும் தொடங்கக் கூடாது. மலாயில் இதற்குக் ‘கெபெனாரான் மெரான்சாங்’ என்று பெயர். மின்சாரம் விற்க எரிசக்தி ஆணையத்தின் ஏலத்தில் ஒரு நிறுவனம் வென்றிருந்தாலும், நகராண்மைக் கழகத்தில் இந்த அனுமதியைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். நாம் பேசுவதற்கான இடம் அந்த விண்ணப்பம்தான்.

யார் ‘பக்கத்து நிலத்துக்காரர்’?

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம், அதாவது ‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’, வட்டாரத்துக்கு இன்னும் இல்லையென்றால், விண்ணப்பம் வந்ததும் பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு நகராண்மைக் கழகம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் காரணத்தோடு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆட்சேபம் வந்தால், நேரில் பேச வேண்டும் என்று கேட்டவர்களை 30 நாட்களுக்குள் அழைத்துக் கேட்க வேண்டும். இதில் ‘கேட்டவர்களை’ என்பதைக் கவனியுங்கள். கடிதத்தின் கடைசியில் “நேரில் விளக்கம் அளிக்க விரும்புகிறோம்” என்று ஒரு வரி எழுதாவிட்டால் உங்களை அழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் போகலாம்.

பக்கத்து நிலம் எது என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது. எல்லை தொட்டிருக்கும் நிலம் முதலாவது. நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத அகலத்தில் சாலையோ சந்தோ கால்வாயோ ஒதுக்கு நிலமோ இருந்து, அது இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் என்று சொல்லக்கூடிய நிலம் இரண்டாவது. மூன்றாவது, இரு தரப்பும் பயன்படுத்தும் வழி முட்டுச்சந்தாக இருந்தால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். தோட்டத்து மண்சாலைகள் பல முட்டுச்சந்துதான். ஆகவே, “நம் வீடு தள்ளியல்லவா இருக்கிறது” என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல் வரைபடத்தை வைத்து அளந்து பாருங்கள்.

உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தால் நிலைமை மாறும். அப்போது இந்தப் பிரிவின்கீழ் நோட்டீஸ் கொடுக்கும் கடமை இல்லை. அந்தத் திட்டத்தின் வரைவு வரும்போதே மக்கள் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை நம் ஊரில் எத்தனை பேர் படிக்கிறார்கள்? கோயில் நிர்வாகத்தில் ஒருவராவது இதற்கென்று கண் வைத்திருப்பது நல்லது. மாநில அரசுகள் தங்களுக்கென விதிகள் வகுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதனால் உங்கள் இடத்தில் நோட்டீஸ் நடைமுறை என்ன என்று நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

லயத்து வீட்டில் இருப்பவர்கள்

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்த இடம்தான். சட்டம் ‘உரிமையாளர்’ என்று சொல்வது நிலப்பட்டாவில் பெயர் உள்ளவரை. மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தாலும் பட்டா தோட்ட நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். பக்கத்து நிலத்தைச் சோலாருக்குக் குத்தகைக்கு விடுவதும் அதே நிறுவனமாக இருக்கலாம். அப்படியானால் நோட்டீஸ் போகும் இடமும் அதுவே. ஜன்னலைத் திறந்தால் தகடு தெரியப்போகும் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வராது.

வராவிட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குடியிருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினர் வழியாக அனுப்பலாம். ஆனால் அதன் பலம் குறைவு. மேல்முறையீடு செய்யும் உரிமை, அந்த 21ஆவது பிரிவின்படி ஆட்சேபம் கொடுத்தவர்களுக்கே உண்டு. ஆகவே பக்கத்தில் பட்டா வைத்திருப்பவர் யார் என்று முதலில் தேடுங்கள். கோயில் நிலம் அறங்காவலர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா? தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு வாங்கிய நம் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் கொடுக்கும் ஒரு முறையான ஆட்சேபத்துக்குள் லயத்து வீடுகளின் நிலையையும் எழுதச் சொல்லலாம்.

இன்னொன்று. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாக்கள் நம்மிடம் ஏராளம். இறந்தவரின் பெயரில் நிலம் இருந்தால், அவருடைய சட்டபூர்வ வாரிசுப் பிரதிநிதியே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தப் பிரதிநிதி யார் என்று பதிவே இல்லையென்றால் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். நில அலுவலகத்திலும் மதிப்பீட்டு வரிக் கணக்கிலும் முகவரியைச் சரிசெய்து வையுங்கள். இதை இன்றே செய்யலாம், எந்தப் பண்ணையும் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடிதத்தில் என்ன கேட்பது

“பண்ணை வேண்டாம்” என்று மட்டும் எழுதும் கடிதம் பெரும்பாலும் கோப்பில் படுத்துவிடும். நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்க நகராண்மைக் கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த நிபந்தனையில் என்ன எழுத வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுப்பதுதான் பலன் தரும் என்பது என் கருத்து. வீட்டுக்கும் வேலிக்கும் இடையில் இத்தனை மீட்டர் பசுமைப் பட்டை விட வேண்டும் என்று சட்டம் 172 எங்கேயும் அளவு சொல்லவில்லை. அளவை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பசுமைப் பட்டையை மலாயில் ‘ஸோன் பெனாம்பான்’ என்பார்கள்.

விண்ணப்பத்தோடு வரும் ‘பெலான் லண்ட்ஸ்காப்’ என்ற வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். எல்லை ஓரமாகப் பச்சை வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக இருக்கும். பார்க்கக் குளுமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டம் செடி முழுதாக வளர்ந்த பிறகு விரியும் அளவு. நடும் நாளன்று அங்கே நிற்பது முழங்கால் உயரக் கன்றாக இருக்கலாம். வரைபடத்தின் ஓரத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: செடியின் பெயர், நடும்போது உயரம், இடைவெளி, எண்ணிக்கை. நீங்கள் விரல் வைத்துப் படிக்க வேண்டியது அதைத்தான். நடும்போதே குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைச் செடி என்று கேளுங்கள். தகடு ஏறுவதற்கு முன்பே நட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எவ்வளவு உயரம் போதும்? சமதரை என்றால் கணக்கு எளிது. உயிர்வேலி உங்கள் கண் மட்டத்தையும் தகட்டின் உச்சியையும், இரண்டில் எது உயரமோ அதை, எட்டினால் போதும், பின்னால் எத்தனை ஏக்கர் இருந்தாலும் தெரியாது. தரைத்தள வீட்டில் நிற்பவரின் கண் ஒன்றரை மீட்டரில் இருக்கும், தகடு மூன்று மீட்டர் என்றால் மூன்று மீட்டர் வேலி மறைத்துவிடும். மாடி வீட்டில் கண் நாலரை மீட்டருக்குப் போகும், வேலியும் அந்த அளவுக்கு எழ வேண்டும். லயம் மேட்டில் இருந்து பண்ணை பள்ளத்தில் இருந்தால் எல்லையில் எதை நட்டாலும் மேலிருந்து தெரியத்தான் செய்யும். அங்கே வீட்டுப் பக்கமாகவே மரம் வைத்துத் தரச் சொல்வதுதான் வழி.

நிறுவனம் உடனே சொல்லும் மறுப்பு, “நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும்” என்பது. அது உண்மைதான், ஆனால் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி இல்லை. நம் கெடா பக்கம் உச்சி வெயில் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் ஜூனில் வடக்கே சாய்ந்தும் விழும். தெற்கு ஓரத்தில் நிற்கும் நாலரை மீட்டர் உயிர்வேலியின் உச்சிப்பொழுது நிழல் டிசம்பரிலேயே சுமார் இரண்டரை மீட்டர்தான். கிழக்கு, மேற்கு ஓரங்களில்தான் சிக்கல். காலை ஒன்பதேகால் மணிவாக்கில் அதே வேலியின் நிழல் எட்டு மீட்டர் வரை நீளும். அந்தப் பக்கங்களில் பராமரிப்பு வண்டி ஓடும் பாதையை வேலிக்கும் தகட்டுக்கும் நடுவில் போட்டால் நிழலில் பெரும்பகுதி பாதையிலேயே விழுந்துவிடும். இப்படிக் கணக்கோடு பேசினால் எதிரில் இருக்கும் பொறியாளரும் கேட்பார்.

கண் கூசும் ஒளியைப் பற்றியும் எழுதுங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது தகடு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிக்கொள்ளும். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் பிரதிபலிப்பு அதிகம். காலை வெயில் பண்ணைக்கு மேற்கே உள்ள வீடுகளில் அடிக்கும், மாலை வெயில் கிழக்கே உள்ள வீடுகளில். உயிர்வேலி முதலில் தேவைப்படுவது அங்கேதான். மின்மாற்றி எழுப்பும் ரீங்காரம் வேறு. அதைச் செடி தடுக்காது, வீடுகளிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வதே தீர்வு.

எந்தச் செடி?

மலேசிய வெயிலுக்கும் கத்தரிப்புக்கும் நன்றாகத் தாங்குவது கெலாட் பாயா. சிவப்பாகத் துளிர் விடும், எந்த நர்சரியிலும் கிடைக்கும். உயரம் சீக்கிரம் வேண்டுமென்றால் கொத்தாக வளரும் வேலி மூங்கில். முன் வரிசைக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கேளுங்கள், பக்கத்துக் கோயிலுக்குப் பூவும் ஆகும். அரளி நன்றாக வளரும்தான், ஆனால் மாடு, ஆடு மேய்கிற இடத்தில் அது விஷம், வேண்டாம். அக்காசியா வேகமாக எழும், காற்றில் கிளையும் அதே வேகத்தில் ஒடிந்து விழும். மின்கம்பிப் பாதைக்குக் கீழே எந்த உயர மரமும் வைக்க விடமாட்டார்கள்.

ஏற்கெனவே எல்லையில் நிற்கும் பெரிய மரங்களை மறந்துவிடாதீர்கள். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரங்கள் எங்கே நிற்கின்றன, என்ன வகை என்பதை விண்ணப்ப வரைபடத்தில் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட மரத்தை எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டுவதற்கும் இதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. முப்பது வருட மாமரம் தரும் மறைப்பைப் புதுக்கன்று தருவதற்குப் பல வருடம் ஆகும். மண் வேலை தொடங்கும் முன் அந்த மரங்களைப் படம் எடுத்து, கடிதத்தோடு இணையுங்கள்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி கடுமையானது. லாலான் புல் காய்ந்து தீப்பிடிப்பதும் அப்போதுதான். செப்டம்பர் மழைக்கு முன்னதாக நட்டால் வேர் பிடித்துவிடும், டிசம்பர் கடைசியில் நட்டால் பாதி கருகும். கருகிய செடிக்குப் பதில் நடுவது யார், தண்ணீர் ஊற்றுவது யார், எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் நிபந்தனையில் இருக்க வேண்டும். இது இல்லாத உயிர்வேலி, திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் குச்சியாகிவிடும். கம்பி வேலிக்கு வெளியே நடும் செடி என்றால் இன்னும் கவனம் தேவை, அங்கே யாருக்கும் பொறுப்பு இருக்காது.

அனுமதி கிடைத்த பிறகு

முடிவு வந்ததும் நிபந்தனைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆட்சேபம் கொடுத்தவருக்கு முடிவில் திருப்தி இல்லையென்றால், முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காதவரை அனுமதி காலாவதியாகும்.

வேலை தொடங்கி, வரைபடத்தில் இருந்த செடிகள் தரையில் இல்லையென்றால் அது அனுமதிக்கு மாறான மேம்பாடு. 26ஆவது பிரிவின்கீழ் 500,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். குற்றம் தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடுதல் அபராதம். புகாரை வாயால் சொல்லாமல், நிபந்தனை எண், இடம், தேதியிட்ட படம் மூன்றையும் வைத்து எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் குத்தி வாங்காமல் முகப்பிடத்தை விட்டு வராதீர்கள்.