பொதுக்கடன், தேசியக் கடன், அந்நியக் கடன்: எது எதைக் குறிக்கும்?

ஓர் அரசு வாங்கி இன்னும் அடைக்காத கடனை ஆங்கிலத்தில் 'பப்ளிக் டெப்ட்' என்றும் 'நேஷனல் டெப்ட்' என்றும் சொல்வார்கள். அதை, வேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையில் புழங்கும் குறிப்புகளும், நாடுகளின் கடனை வரிசைப்படுத்திக் காட்டும் தொலைக்காட்சிச் செய்திகளும் இப்போது 'நாட்டின் அந்நியக் கடன்' என்றே எழுதி வருகின்றன. 'உலகிலேயே அந்நியக் கடன் விகிதம் மிகுந்த நாடு ஜப்பான்' என்ற வரியை ஒரு பயிற்சித் தாளில் மீண்டும் பார்த்த பிறகு, இதைப் பற்றி எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. அந்த வரிக்குப் பின்னுள்ள எண், அதாவது உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்ட அரசின் கடன், சரியாக இருக்கிறது. சொல் தவறு என்பதால் செய்தியே பொய்யாகிவிட்டது.

கடன் என்பது பழந்தமிழ்ச் சொல். செய்தே தீர வேண்டிய முறைமையை அது குறித்தது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் 'ஈன்று புறந்தருதல் என்றலைக் கடனே' என்னும்போது அங்கே காசுக்கு இடமில்லை. கடமை, கடப்பாடு ஆகியவை இதன் உறவுச் சொற்கள். சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக்கே கடமை என்று பெயர். ஆங்கிலத்தின் 'டெப்ட்' இலத்தீன் வழி வந்தது; 'தர வேண்டியது' என்பது அதன் பொருள். வேர்ச்சொல்லில் சிக்கல் ஏதும் இல்லை, முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான் எல்லாச் சிக்கலும்.

அந்நியக் கடன் என்பது 'எக்ஸ்டர்னல் டெப்ட்' என்பதற்குரிய சொல். கடன் வாங்கியவர் அரசா தனியாரா என்று அது பார்ப்பதில்லை. கொடுத்தவர் நாட்டுக்கு வெளியே இருப்பவரா என்று மட்டுமே பார்க்கிறது. ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் வெளிநாட்டு வங்கியிடம் டாலரில் கடன் வாங்கினால், அது இந்தியாவின் அந்நியக் கடனில் சேரும். அரசின் கடனில் ஒரு ரூபாய்கூட ஏறாது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பேரணாம்பட்டுக்காரர் ஊர் வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் போட்டு வைக்கும் வைப்புத்தொகையும் அந்நியக் கடன் கணக்கிலேயே வருகிறது. மறுபுறம், குடியாத்தத்தில் கைலி நெய்யும் ஒருவர் கட்டும் எல்.ஐ.சி. பிரீமியத்தில் பெரும்பகுதி அரசுக் கடன்பத்திரங்களில் முதலீடாகிறது. அது அரசு பட்ட கடன்தான், ஆனால் அதில் அந்நியர் எவரும் இல்லை. ஒன்றிய அரசின் கடனில் பெரும்பங்கு இப்படி உள்நாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்புநிதிகள், ரிசர்வ் வங்கி ஆகியோரிடம் வாங்கியதே. வெளிநாட்டிலிருந்து வாங்கியது மிகச் சிறிய பங்கு.

ஜப்பானின் நிலையும் இதுவே, இன்னும் கூடுதலாக. அந்நாட்டு அரசின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் அது யென்னில் வாங்கியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய நிறுவனங்கள். கடன்பத்திரங்களில் ஏறக்குறைய பாதி அந்நாட்டு மத்திய வங்கியிடமே இருக்கிறது. வெளியுலகோடு வைத்த கணக்கில் ஜப்பான் பல பத்தாண்டுகளாக, வாங்கியதைவிடக் கொடுத்தது மிகுந்த நாடு. இலங்கையின் கடன் விகிதம் ஜப்பானுடையதைவிட மிகக் குறைவாக இருந்தும், 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிக்கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் நிறுத்தியது. டாலரில் வாங்கிய கடனைத் தன் ரூபாயை அச்சிட்டு அடைக்க வழியில்லை. இந்த இரு நாடுகளையும் ஒரே பட்டியலில் 'அந்நியக் கடன்' என்ற தலைப்பின்கீழ் வைக்கும் மாணவருக்கு, ஜப்பான் ஏன் விழவில்லை, இலங்கை ஏன் விழுந்தது என்பது ஒருநாளும் விளங்காது.

'தேசியக் கடன்' என்ற ஆக்கம் இவ்வளவு மோசமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. கடன் பட்டது அரசு. தேசம் என்றால் மக்கள், நிறுவனங்கள், அவர்கள் கொடுத்ததும் வாங்கியதும் எல்லாம் சேர்ந்தது. 'ஒவ்வொருவர் தலையிலும் இவ்வளவு கடன்' என்ற கணக்கு இந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது. அந்தத் தலைகளிலேயே அரசுக்குக் கடன் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பது மறைந்துபோகிறது. வாங்கியவர் யார் என்பதை மறைக்கும் சொல்லால் விளையும் தீங்கை நம் வட ஆற்காட்டு மண் நன்கு அறியும். வாலாஜாப்பேட்டைக்குப் பெயர் தந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களிடமே பெருங்கடன் பட்டார். அதற்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாய் கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினரான எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைக் கண்டித்து நெடிய உரை ஆற்றினார். வாங்கியவர் நவாப், வரி கட்டியவர் உழவர். அதை, நவாபின் ஆட்சிப்பகுதிக்கு அன்று வழங்கிய பெயரால், கர்நாடக தேசத்தின் கடன் என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாமல் போகும்.

'பொதுக்கடன்' பாடநூலில் உள்ள சொல். அதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் பொது என்றால் தமிழில் எல்லாருக்கும் உரியது, பலவற்றுக்கும் ஒத்தது. 'பப்ளிக்', 'ஜெனரல்', 'காமன்' ஆகிய மூன்றையும் அது ஒருங்கே சுமக்கிறது. 'அரசுக் கடன்' என்று சுருக்கலாம் என்றால், வங்கிக் கடன், கூட்டுறவுக் கடன் என்பவை வங்கியும் சங்கமும் கொடுக்கும் கடனாகவே நம் காதில் விழுவதால், தறி வைத்திருப்பவர் அரசு தரும் மானியக் கடன் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'கடன்சுமை' என்பதோ அளவைச் சொல்லும் முன்பே தீர்ப்பு எழுதிவிடும் சொல்.

ஆகவே 'அரசின் நிலுவைக் கடன்' என்பதே சரி என்று கருதுகிறேன். நிலுவை, நில் என்பதன் வழி வந்தது. நம் எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கிலும் நிலுவ என்றே வழங்குவது. தவணை தவறிய பாக்கியை மட்டும் அது குறிக்கும் என்பாருண்டு. மண்டிக் கணக்கில் பற்றிலிருந்து வரவு போக இன்று நிற்கும் தொகை எதுவோ அதுதான் நிலுவை. தவறியதா இல்லையா என்பது வேறு. இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு: ஓராண்டின் வரவுக்கு மேற்பட்ட செலவான நிதிப் பற்றாக்குறையை, ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்கும் கடனிலிருந்து அது பிரித்துக் காட்டும். ஐரோப்பிய நாடுகள் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில், உள்நாட்டு உற்பத்தியில் பற்றாக்குறைக்கு 3 விழுக்காடு, நிலுவைக் கடனுக்கு 60 விழுக்காடு என்று இரண்டு வரம்புகளை வைத்தது இவை இரண்டும் வெவ்வேறு என்பதால்தான். ஆங்கிலச் செய்தியை அவசரமாகப் பெயர்ப்பவர்கள் இவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதுவது அன்றாடம் நடக்கிறது; அகராதியைப் புரட்டுகிறார்கள், கணக்கைப் புரட்டுவதில்லை.

நாடுகளை ஒப்பிடும்போது 'ஜெனரல் கவர்ன்மெண்ட் டெப்ட்' என்ற தொடர் வரும். இதைப் 'பொது அரசாங்கக் கடன்' என்று பெயர்ப்பது பொருளற்றது. பொது அரசாங்கம் என்று ஒன்று எங்கும் இல்லை. ஒன்றிய அரசு, மாநிலங்கள், உள்ளாட்சிகள் எல்லாம் சேர்ந்தது என்பதே பொருள் ஆதலால் 'அனைத்து அரசுகளின் நிலுவைக் கடன்' என்று எழுத வேண்டும். இந்தியாவுக்கு அது உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 80 விழுக்காடு. நமது ஒன்றிய பட்ஜெட் ஆவணங்கள் பொதுக்கடன் என்று குறிப்பதோ அரசமைப்பின் 292ஆம் பிரிவின்படி தொகுப்பு நிதியத்தை, அதாவது அரசின் வருவாய் வந்து சேரும் நிதியை, ஈடாக வைத்து ஒன்றிய அரசு வாங்கியது மட்டும். மாநிலங்களின் கடன் அதில் இல்லை, பொதுக்கணக்கில், அதாவது சிறுசேமிப்பு, வருங்கால வைப்புநிதி போல அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணத்தின் கணக்கில், நிற்கும் பொறுப்புகளும் தனியே காட்டப்படுகின்றன. அந்த எண்ணை எடுத்து ஜப்பானின் அனைத்து அரசுகளின் எண்ணுக்கு அருகில் வைக்கும் அட்டவணை, இரண்டுக்கும் பொதுக்கடன் என்றே தலைப்பு இருந்தாலும், ஒப்பீடு ஆகாது.