வாக்கி-டாக்கியில் ஆர்டுயினோ: பி.டி.டி. விடுபடாமல் போனால்?

பழுது பார்க்க என் மேசைக்கு வந்த ஒரு வாக்கி-டாக்கியில், குறித்த இடைவெளியில் தானாக ஒலிச்சைகை அனுப்புவதற்காக ஆர்டுயினோ நானோ என்னும் சிறு நிரல்படுத்தும் பலகை இணைக்கப்பட்டிருந்தது. ஆன்டெனாவைக் கழற்றி, அலைபரப்பும் ஆற்றலை வெளியே விடாமல் வெப்பமாக்கும் டம்மி லோடு பொருத்திச் சோதித்தபோது ஒழுங்காக இயங்கிய அது, ஆன்டெனாவுடன் 5 வாட் திறனில் அலைபரப்பத் தொடங்கியவுடன் உறைந்துபோனது. உறைந்த கணத்தில் பி.டி.டி. (அலைபரப்பைத் தொடங்க அழுத்தும் பொத்தான்) அழுத்திய நிலையிலேயே நின்றுவிட்டதால், பேச்சு ஏதுமின்றி அந்த அலைவரிசை முழுவதும் அடைபட்டது. அவ்வேளையில் யாரேனும் அதில் உதவி கேட்டிருந்தால், அக்குரல் எவருக்கும் எட்டியிருக்காது. இதை நான் சிறு பிழையாகக் கருதுவதில்லை.

ஆன்டெனாவுக்கு அருகே ஓடும் இணைப்புக் கம்பிகளே சிறு ஆன்டெனாக்களாகி, ரேடியோ ஆற்றலைச் சில்லுக்குள் கொண்டுசெல்கின்றன. கம்பிகளைக் குறுக்குவதும், கம்பி வழி வரும் ரேடியோ ஆற்றலைத் தடுக்கும் ஃபெரைட் மணிகளைக் கோப்பதும், மின்வழங்கல் கால்களை ஒட்டி 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைப்பதும் இதைக் குறைக்கும். ஆனால் நிரலை மட்டும் நம்பி அலைபரப்பியை ஒப்படைக்கக் கூடாது. நிரல் உறைந்தால் சில்லைத் தானாக ரீசெட் செய்யும், சில்லிலேயே உள்ள வாட்ச்டாக் டைமரை இயக்குங்கள். ரீசெட் ஆகும்போது சில்லின் கால்கள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதப்பதால், பி.டி.டி.யை இயக்கும் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால், அந்த இடைவேளையிலும் வானொலி மௌனமாக இருக்கும். இவற்றுக்கும் மேலாக, அலைபரப்பு குறித்த நேரத்தைத் தாண்டினால் அதைத் தானாக நிறுத்தும், பல வாக்கி-டாக்கிகளின் அமைப்புகளிலேயே இருக்கும் டைம்-அவுட் டைமரை மறவாமல் இயக்கி வையுங்கள். பலகை முற்றிலும் செயலிழந்தாலும் அது தன் கடமையைச் செய்யும்.

ஒலியிலும் கவனம் வேண்டும். பலகையின் 5 வோல்ட் சதுர அலையை, மில்லிவோல்ட் அளவை எதிர்பார்க்கும் மைக் உள்ளீட்டில் நேரடியாகக் கொடுத்தால், அலைபரப்பு அகன்று பக்கத்து அலைவரிசைகளைக் கெடுக்கும். ரெசிஸ்டர்களால் அளவைக் குறைத்து, வடிகட்டிய பின்னரே கொடுக்க வேண்டும். பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் ஒன்பதாம் மடங்கு 144 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 2 மீட்டர் ஹாம் (அமெச்சூர் வானொலி) பட்டையின் தொடக்கத்தில் பலகையே இரைச்சலை எழுப்பக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உரிமம் அனுமதிக்கும் அலைவரிசையில் மட்டுமே முயலுங்கள். முதலில் டம்மி லோடுடன் சோதியுங்கள். அதில் தேறினாலும் ஆன்டெனா பொருத்திய பிறகு பலகை உறையலாம் என்பதால், மிகக் குறைந்த திறனில் தொடங்கி, இன்னொரு வானொலியில் கேட்டுக்கொண்டே, பேட்டரியை உடனே கழற்றக்கூடிய நிலையில் கையை வைத்துக்கொண்டு படிப்படியாகத் திறனை உயர்த்துங்கள்.