ஒரு கேமுக்காக ஒரு கன்சோலா?

பொங்கலை ஒட்டிக் காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் கன்சோல் (டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி) பார்க்க வருகிறவர்கள் அநேகமாக இதைத்தான் கேட்கிறார்கள்: “இந்த கேம் இதுல மட்டும்தான் வருமாம், பையன் சொல்றான். நெசமாங்க?” இன்றைக்கு நெசம்தான். எத்தனை நாளைக்கு?

‘ரேட்சட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021 ஜூனில் சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) மட்டும் வந்தது. ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குத் தாவினால் லோடிங் திரையே வராது. நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தின் வேலை என்று அதைக் காட்டியே பெட்டியின் பெருமையைப் பேசினார்கள். 2023 ஜூலையில் அதே கேம் பிசிக்கு வந்துவிட்டது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 16’ பிஎஸ்5-இல் 2023 ஜூன், பிசியில் 2024 செப்டம்பர், எக்ஸ்பாக்ஸில் 2025 ஜூன். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்குச் செல்லப்பிள்ளையான ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025 ஏப்ரலில் எதிராளி வீடான பிஎஸ்5-க்கே குடிபோனது. தன் பெரிய கேம்களை வெளியே விடாதது நின்டெண்டோ ஒன்றுதான்.

அந்த நின்டெண்டோவே கேமை மட்டும் நம்பிச் சூடு கண்டது. 2014-இல் ‘மாரியோ கார்ட் 8’ அதன் வீ யூ கன்சோலுக்கு மட்டும் வந்தது. அருமையான கேம். ஆனாலும் வீ யூ மொத்தமே சுமார் 1.36 கோடிதான் விற்றது. கேம் 85 லட்சத்தைத் தொடவில்லை. அதையே மெருகேற்றி 2017-இல், கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய ஸ்விட்ச் கன்சோலுக்குக் கொடுத்தார்கள். 6 கோடியைத் தாண்டியது.

ஒப்பந்தமே இல்லாமல், மெமரியால் எக்ஸ்க்ளூசிவ் (ஒரே கன்சோலில் மட்டும் வரும் கேம்) ஆன கதையும் உண்டு. ‘பால்டர்ஸ் கேட் 3’ பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆயிற்று. எக்ஸ்பாக்ஸில் இரண்டு வகை: சீரீஸ் எக்ஸில் 16 ஜிபி மெமரி, மலிவான சீரீஸ் எஸ்ஸில் 10. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி எஸ்ஸில் ஓடவில்லை. கடைசியில் அது இல்லாமலேயே விட்டார்கள், 2025 ஏப்ரல் அப்டேட்டில்தான் எஸ்ஸுக்கும் அது வந்தது. அண்ணன் தம்பி சேர்ந்து ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் பக்கம் பாதிப் பெட்டிகள் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அம்மானோ அண்ணனோ கொண்டு வருபவை. மின்சாரத்தில் சிக்கலில்லை, பிஎஸ்5 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பவர் கேபிள் எட்டு வடிவத் துளை கொண்ட சாதாரண வகை, மாற்றிக்கொள்ளலாம். மாட்டுவது கணக்கில்தான். சிங்கப்பூர் நாடு போட்டுத் திறந்த பிளேஸ்டேஷன் கணக்கில் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது, ரூபாய் கிஃப்ட் கார்டும் ஏறாது. எதையும் வாங்குமுன் அதே பெட்டியில் இந்தியா என்று போட்டுப் புதுக் கணக்கு திறந்துவிடுங்கள். அங்கே வாங்கிய டிஸ்க் இங்கே ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை இந்தியக் கணக்கில் வாங்கினால் பெரும்பாலும் ஒட்டாது.

முதலில் வந்த பிஎஸ்5-இன் 825 ஜிபியில் கைக்குக் கிடைப்பது சுமார் 667. யூஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேமை வைத்துக்கொள்ளலாம், அங்கிருந்து ஆட முடியாது. உள்ளே போடுகிற எம்.2 வகை எஸ்எஸ்டி ஜென்4 (நான்காம் தலைமுறை) ஆகவும், படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்குக் குறையாமலும், ஹீட்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) சேர்த்து உயரம் 11.25 மி.மீ-க்குள்ளும் இருக்க வேண்டும். விலை குறைவென்று ஜென்3 வாங்கினால் கன்சோல் ஏற்காது. ஹீட்சிங்க் இல்லாவிட்டால் சூடேறி வேகம் விழும்.

எக்ஸ்க்ளூசிவ் கேமுக்காகவே வாங்குகிறவர்கள் டிஸ்க் டிரைவ் உள்ளதை எடுப்பதே நல்லது. முடித்த கேமைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். டிஜிட்டலில் விற்க ஒன்றுமில்லை, 100 ஜிபி கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டும். நம் செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் டிவி என்றால் அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வந்து சேராது. வளவு (நடு முற்றம்) ஓரமாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள்.